ஜிப்சியின் பின் ஆக்சில் ஆயில் சீல்: மாற்றும் முறையும் கசிவின் காரணமும்

பின் சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பாருங்கள். பிரேக் டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டின் அடி ஓரத்தில் ஈரம் கசிந்து, அதில் தூசி படிந்து கறுப்பாக இறுகியிருந்தால், டயரின் உள்சுவரில் விசிறியடித்த கோடுகள் தெரிந்தால், பெரும்பாலும் ஆக்சில் கூட்டுக்குள் கியர் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கும். பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு வால்பாறையிலிருந்தும் டாப்சிலிப் பக்கமிருந்தும் இறங்கி வரும் மாருதி ஜிப்சிகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. "சொட்டுச் சொட்டாத்தானுங்கண்ணா ஒழுகுது, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாமுங்க என்றுதான் சொல்வேன். ஆயில் குறைவதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. சீலைத் தாண்டும் கியர் ஆயில் பேரிங் வழியாக டிரம்முக்குள் இறங்கி, பிரேக் ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனரில் ஊறுகிறது. ஆழியாறு பக்கமிருந்து வால்பாறை ஏறி இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் ஒரு பின் சக்கரம் பிடித்து இன்னொன்று பிடிக்காமல் விட்டால், மழை ரோட்டில் வண்டியின் பின்பக்கம் ஒதுங்கிவிடும். ஆகவே இதை ஆயில் வேலையாக நினைக்காமல் பிரேக் வேலையாக நினைத்துச் செய்யுங்கள்.

டிரம் கழற்றி பிரேக் ஷூ மாற்றிப் பழக்கமுள்ள யாரும் சீலை வீட்டிலேயே மாற்றலாம். பேரிங்கையும் மாற்ற வேண்டி வந்தால் மட்டும் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கு ஷாஃப்ட்டைக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஒழுகுவது எந்த ஆயில்?

இதை உறுதி செய்யாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். அதே இடத்தில், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயிலும் கசியும். இரண்டும் தூசியோடு சேர்ந்துவிட்டால் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். கியர் ஆயிலை விரலில் தேய்த்தால் வழவழவென்று கெட்டியாக இருக்கும், கந்தக வாடை மூக்கில் ஏறும். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், பெயின்ட்டை உரிக்கும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கியர் ஆயில் மேலே மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கலந்துவிட்டால் உங்கள் வேலை வீல் சிலிண்டரில் இருக்கிறது, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

ஆக்சிலின் நடுவில் கிரவுன் பல்சக்கரம் இருக்கும் கூட்டின் (கிரவுன் கூடு) மூக்குப் பகுதியில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அது பினியன் சீல். அதுவும் வேறு வேலை.

சீல் ஏன் போனது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சீலை மாற்றுவதால்தான் அதே வண்டி அதே கசிவோடு திரும்ப வருகிறது. பழைய சீல் ரப்பர் இறுகித் தானாகவே போவதும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் வேறு காரணம் இருக்கும்.

முதல் காரணம் பிரீதர். பின் ஆக்சில் கூட்டின் மேல்பக்கம் காற்றுப் போக ஒரு சின்ன வழி இருக்கும். எஸ்டேட் ரோட்டுச் சேறு அதில் ஏறி அடைத்துவிடும். வண்டி ஓடினால் கூட்டுக்குள் ஆயிலும் காற்றும் சூடேறி விரியும். வெளியேற வழி இல்லாத காற்று, ஷாஃப்ட்டை உரசி நிற்கும் சீல் உதட்டின் வழியாக ஆயிலைத் தள்ளும். இதே அடைப்பு வேறு விதத்திலும் கெடுக்கும். ஓடிச் சூடான ஆக்சிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் வழியாக காற்று வராததால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலை இறக்கும்போது பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

இரண்டாவது, பேரிங் ஆட்டம். பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் மையத்தில் நிற்காமல் ஆடும். அந்த ஆட்டத்தை சீலின் மெல்லிய உதடு தாங்காது. நீங்கள் எத்தனை புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும்.

மூன்றாவது, சீல் உதடு உரசி ஓடும் இடத்தில் விழுந்த பள்ளம். நான்காவது, அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில். மேட்டில் சாய்வாக நிறுத்திக்கொண்டு ஆயில் ஊற்றுகிறவர்கள் நிறைய பேர். வண்டி சமதரையில் நின்றால் மட்டுமே மட்டம் சரியாகத் தெரியும்.

வாங்கி வைக்க வேண்டியவை

வேலை ஒரு பக்கம் என்றாலும் சீலை இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள். ஒரு பக்கம் வயதாகிப் போனால் மறுபக்கமும் அதே வயதுதான். ஜிப்சியில் 970 சிசி பழைய வண்டி, 1996-க்குப் பிறகு வந்த 1300 சிசி கிங் என்று வகை உண்டு, இடையில் அகல ஆக்சில் வண்டியும் வந்தது. கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தையோ சேசிஸ் எண்ணையோ காட்டிக் கேளுங்கள். பழைய சீலைக் கழற்றியதும் அதன் முகத்தில் அச்சாகியிருக்கும் மூன்று எண்களை, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், புதியதோடு ஒத்துப்பாருங்கள். சீல் விலை பேரிங் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். இதில் மட்டமான சரக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை.

80W-90 கிரேடு, ஜிஎல்-5 ரக கியர் ஆயில் இரண்டு லிட்டர். பின் கூட்டில் ஒன்றரை லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். டாட்-3 பிரேக் ஆயில் ஒரு பாட்டில், அனபாண்ட் மாதிரியான சிலிக்கான் பேஸ்ட் ஒரு டியூப், பிரேக் கிளீனர், பனியன் வேஸ்ட். லைனர் நனைந்திருந்தால் பிரேக் ஷூ ஒரு செட்.

வண்டியைத் தூக்கும் முன்

இங்கே நாலு சக்கர ஓட்டமுள்ள வண்டிக்கென்று ஒரு விஷயம். டிரம் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும். "முதல் கியர்ல போட்டிருக்கேன், நகராது" என்று நம்பி ஒரு பின் சக்கரத்தைத் தூக்குவார்கள். வண்டி டூ வீலில், அதாவது பின் சக்கர ஓட்டத்தில் மட்டும் இருந்தால் நகரும். தரையில் நிற்கும் பின் சக்கரம் உருள, தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் அதற்குத்தானே இருக்கிறது. அதனால் முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப் லாக் இருந்தால் அதைப் பூட்டி, டிரான்ஸ்ஃபர் லீவரை ஃபோர் லோவில் (நாலு சக்கர ஓட்டத்தின் மெதுவான கியரில்) போட்டு, முதல் கியரில் நிறுத்துங்கள். அப்போதுதான் தரையில் இருக்கும் முன் சக்கரங்கள் இரண்டும் பிடித்துக்கொள்ளும். அதோடு முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கட்டாயம். ஆக்சில் கூட்டுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை வைக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன் பேரிங்கைச் சோதியுங்கள். மேலும் கீழுமாக டயரைப் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். கடகடவென்று கையில் தெரிந்தால் பேரிங்குக்கும் பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றுதல்

கிரவுன் கூட்டில் ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும், அடி பிளக்கை அல்ல. பல வருடம் தொடாத பிளக் துருவேறித் திறக்காமல் போகலாம். அடியில் ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றால் வண்டியை எடுக்கவே முடியாது. மேலே திறந்தபின் அடியில் ஒரு சட்டி வைத்து ஆயிலை இறக்குங்கள்.

கசியும் பக்கத்தை உயரத் தூக்கினால் ஆயில் மறுபக்கம் ஓடிவிடும், இறக்க வேண்டியதில்லை என்று சிலர் செய்வார்கள். வேலை நடக்கும், மறுக்கவில்லை. எனக்கு அது பிடிக்காது. இறக்கிய ஆயில்தான் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும். சட்டியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி மெல்லிய சாம்பல் நிறத் தூள் இயல்பானது. விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் கிரவுனைத் திறந்து பார்க்க வேண்டும்; சீல் வேலையோடு அது முடியாது.

டிரம் இறுகி இருக்கும். சுத்தியலால் ஓரத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் உண்டு. 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அவற்றில் ஏற்றி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டு நனைத்துத் துடையுங்கள்.

ஸ்பிரிங் எது எந்தத் துளையில் என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஷூவைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை பேக் பிளேட்டிலிருந்து விடுவியுங்கள். வீல் சிலிண்டருக்கு வரும் பிரேக் பைப்பைக் கழற்றி, பைப் முனையை மூடி வையுங்கள். பிளீடர் முனையில் மாட்டும் ரப்பர் மூடி இதற்குப் பொருந்தும். பைப் நட்டை சாதாரண ஸ்பேனரில் திருகினால் முனை மழுங்கும். பிளேர் நட் ஸ்பேனர் இருந்தால் நல்லது.

பேக் பிளேட்டை ஆக்சில் கூட்டோடு பிடித்திருக்கும் நாலு நட்டையும் கழற்றினால் ஷாஃப்ட் வர வேண்டும். வராது. பேரிங் கூட்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். ஸ்லைடு ஹேமர் இருந்தால் ஷாஃப்ட்டின் வெளிமுனைத் தட்டான ஃபிளேஞ்சில் மாட்டி அடித்து இழுங்கள். இல்லாவிட்டால் எங்கள் பட்டறைப் பழக்கம் ஒன்று: டிரம்மைத் தலைகீழாகத் திருப்பி ஸ்டட்டில் கோத்து, வீல் நட்டை நுனியில் மட்டும் இரண்டு மூன்று மரை ஏற்றி விட்டு, டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால், டிரம் நட்டில் மோதி ஷாஃப்ட்டைப் பிடுங்கும். ஷாஃப்ட், பேரிங், பேக் பிளேட் மூன்றும் ஒன்றாகக் கையோடு வரும். கனமானது, தாழ விடாமல் நேராக உருவுங்கள்.

சீல்

இப்போது கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சீல் தெரியும். ஜிப்சியில் அது பேரிங்குக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும். பிரஸ் இல்லாமல் வீட்டிலேயே மாற்ற முடிவது இதனால்தான். கழற்றும் முன், அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து வையுங்கள். கொக்கி போன்ற சீல் புல்லரால் உதட்டுப் பக்கத்தை மாட்டி நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் பயன்படுத்தினால், நெம்பும் இடத்தில் கூட்டின் விளிம்புக்கு ஒரு துண்டுத் தகரமோ மரமோ கொடுங்கள். கூட்டுச் சுவரில் விழும் ஒரு நீளக் கீறல் போதும், புது சீலின் வெளிப்பக்கமாகவே ஆயில் ஊறி வரும்.

பழைய சீலைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். உதடு கல் போல இறுகி விரிசல் விட்டிருந்தால் வயது. ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடியிருக்கிறது, பேரிங்கைப் பிடியுங்கள். உதட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஸ்பிரிங் வளையம் காணாமல் போயிருந்தால், முன்பு போட்டவர் அடித்த அடியில் கழன்றிருக்கிறது. அதைக் கூட்டுக்குள் தேடி எடுங்கள், கிரவுன் பல்லுக்குள் போகக்கூடாது.

கூட்டின் வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புது சீலின் வெளிச்சுற்றில் லேசாக கியர் ஆயில் தடவுங்கள். ஸ்பிரிங் தெரியும் முகம் உள்ளே, அதாவது ஆயில் பக்கம். எண் அச்சடித்த தட்டை முகம் உங்களைப் பார்த்து. நேராக வைத்து, சீலின் வெளிவிளிம்பில் மட்டும் படும்படி ஒரு வளையத்தைக் கொடுத்துத் தட்டுங்கள். அதே வெளிவிட்டமுள்ள பழைய பேரிங்கின் வெளி ரேஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு பக்கம் அடித்து ஒரு பக்கம் தூக்கினால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள், வளைந்த சீலை அடித்து நேராக்க முயலாதீர்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் கெட்டியாக மாறும். அங்கே நிறுத்திவிட்டு, அளந்து வைத்த ஆழத்தோடு சுற்றிலும் ஒத்துப்பாருங்கள். பிறகு உதட்டில் விரலால் கிரீஸ் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் சில சுற்றிலேயே சூடேறித் தீய்ந்துவிடும்.

ஷாஃப்ட்டும் பேரிங்கும்

கையில் இருக்கும் ஷாஃப்ட்டில், பேரிங்கை ஒட்டிய பகுதியில் சீல் உதடு ஓடிய தடம் பளபளவென்று ஒரு பட்டையாகத் தெரியும். நகத்தை அதன் குறுக்கே நகர்த்துங்கள். வழுக்கிப் போனால் சரி. துருப்புள்ளி இருந்தால் மிக நைசான எமரியில் ஆயில் விட்டு, நீளவாட்டில் தேய்க்காமல் சுற்றுவாட்டில் துடைத்தால் போதும். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளம் பேரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர் ரிங்கில் இருந்தால் பேரிங்கோடு சேர்த்து ரிங்கையும் மாற்றுவதே தீர்வு. பள்ளத்தை விட்டுவிட்டுப் புது சீல் போடுவது காசுக்குக் கேடு.

பேரிங்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ, அசைத்தால் ஆடினாலோ மாற்றுங்கள். கியர் ஆயில் பல மாதம் ஊறி கிரீஸைக் கழுவிய பேரிங்கை, ஆட்டம் இல்லாவிட்டாலும் நான் திரும்பப் போடுவதில்லை.

ரிடெய்னர் ரிங் ஷாஃப்ட்டில் மிக இறுக்கமாக ஏற்றியது. கிரைண்டரில் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு இடத்தில் ரிங்கை மெலிதாக்கி, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளக்கும். கிரைண்டர் ஷாஃப்ட்டைத் தொடக்கூடாது. ஒரு வெட்டு விழுந்தாலும் பின்னாளில் ஷாஃப்ட் அங்கேதான் முறியும். கேஸ் வைத்துச் சூடாக்கிக் கழற்றும் பழக்கம் சில இடத்தில் உண்டு. வேண்டாம், ஷாஃப்ட்டின் பதம் போய்விடும். புதியதை ஏற்றும்போது முதலில் பேரிங், பிறகு புது ரிங், இரண்டும் பிரஸ்ஸில். பேரிங்கின் உள் ரேஸில் மட்டும் அழுத்தம் கொடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ரிங்கின் வெளிப்பக்கம் கீறாமல் வர வேண்டும், அதையும் பாருங்கள். பழைய ரிங்கை மறுபடி ஏற்றச் சம்மதிக்காதீர்கள். பேரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். அது கழன்றால் சக்கரத்தோடு ஷாஃப்ட் வெளியே வந்துவிடும்.

ஆயில் ஊறிய லைனர்

பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கழுவினால் மேலே காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஊறியது அப்படியே இருக்கும், முதல் நீண்ட இறக்கத்தில் டிரம் சூடானதும் மேலே கசியும். நனைந்த ஷூவை மாற்றுங்கள், இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடிப்பு சமமாக இருக்காது. டிரம் உலோகம், அதை பிரேக் கிளீனரில் நன்றாகக் கழுவினால் போதும்.

திரும்ப மாட்டுதல்

கூட்டின் முகத்திலும் பேக் பிளேட்டின் பின்னாலும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய கோடாகப் புது சிலிக்கான் பேஸ்ட் வையுங்கள். இது வெளித் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் தடுக்கும்.

ஷாஃப்ட்டை உள்ளே விடும் இந்த நிமிடத்தில்தான் புது சீல்கள் பாழாகின்றன. ஷாஃப்ட்டின் உள்நுனியில் இருக்கும் ஸ்பிளைன் பற்கள் கூர்மையானவை. ஷாஃப்ட்டின் கனத்தை சீல் மேல் சாய்த்து உள்ளே தள்ளினால் உதடு கிழியும், அது வெளியே தெரியாது. ஒருவர் ஃபிளேஞ்சைத் தாங்க, இன்னொருவர் டார்ச் பிடித்து வழி சொல்ல, ஷாஃப்ட்டை நடுவில் மிதக்கவிட்டுக் கொண்டுபோங்கள். ஸ்பிளைன் டிஃப்ரன்ஷியலுக்குள் சேரும்போது லேசாகத் திருப்பிக் கொடுத்தால் விழும். பிறகு நாலு நட்டையும் குறுக்கு வாட்டில் சமமாக இறுக்கி பேரிங்கை உள்ளே இழுங்கள். சின்ன நட்டுகள், நீளப் பைப் போட்டு முறுக்க வேண்டாம்.

ஷூ, கேபிள், பிரேக் பைப், டிரம் மாட்டியபின் ஷூ இடைவெளி சரிசெய்து, பிரேக் பைப்பில் புகுந்த ஏரை எடுங்கள். மிதியடி கல்லாக நிற்கும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். அடி பிளக்கை இறுக்கி, வண்டியைச் சமதரைக்கு இறக்கி, ஆயில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள். வழிந்து நின்றதும் மூடுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

இன்னும் பிரீதர் பாக்கி. அதைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, வாயால் ஊதினால் காற்றுத் தடையின்றிப் போக வேண்டும். ஓடை கடக்கும் வண்டி என்றால் ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றை அதில் மாட்டி, சேசிஸ் ஓரமாக மேலே கொண்டுபோய், தண்ணீர் எட்டாத உயரத்தில் முனையைக் கீழ்நோக்கி மடித்துக் கட்டிவிடுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸில் தாராளமாக நீளம் விடுங்கள்.

முதலில் சமதளத்தில் ஓட்டி பிரேக் நேராகப் பிடிக்கிறதா பாருங்கள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, இரண்டு பின் டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் காய்ந்தால் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் சரியாக உட்காரவில்லை. பேக் பிளேட்டின் அடி ஓரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் காய்ந்திருந்தால் மலை ஏறலாம். ஈரம் பட்டால் டிரம்மையும் ஷாஃப்ட்டையும் மறுபடி கழற்றி, கசிவு சீலின் உதட்டுப் பக்கமா வெளிச்சுற்றுப் பக்கமா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தீர்மானியுங்கள்.